தாழக்குடி வீட்டில் ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்

மாமாவின் பதினாறு அடியந்திரம் முடிந்து, பந்தல்காரர்கள் கம்பையும் தகரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, தாழக்குடி வீட்டில் அத்தையும் நானும் மட்டும் மிஞ்சினோம். அத்தையின் பிள்ளைகள் இரண்டு பேரும் லீவு முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். நான் இன்னும் நாலு நாள் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். ஐப்பசி மழை. மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

பதினாறு நாளும் துட்டி கேட்க ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாருக்கும் அத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். காலையில் பல் தேய்த்தது, நெஞ்சு கரிக்கிறது என்றது, ஆட்டோ வருவதற்குள் முடிந்தது. சொல்லிச் சொல்லி, கடைசி நாட்களில் அவள் குரலில் ஒன்றுமே இல்லை, பாடம் ஒப்பிப்பது மாதிரி ஆகிவிட்டது. கேட்க யாருமில்லாமல் போன முதல் ராத்திரி அவள் தூங்கவே இல்லை. இரண்டாம் ராத்திரி என் லேப்டாப்பைப் பார்த்து, “ஏதாவது படம் போடு மக்களே. அழுகிற படம் வேண்டாம்” என்றாள்.

என்னிடம் ஒரு படம் இருந்தது. ஏழெட்டுத் தடவை பார்த்த படம். எப்போதாவது மாமாவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, அடுத்த லீவு, அடுத்த லீவு என்று தள்ளிப் போட்டுவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் நிலவறையில் பதிமூன்று பிணம் கிடக்கிற படத்தைத் துட்டி வீட்டில் போடலாமா? அத்தையிடமே கேட்டேன். “இதுல நிறையச் சாவு வரும் அத்தை.” “சிரிப்பு வருமா?” “வரும்.” “அப்ப போடு.”

ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ். ஃபிராங்க் கேப்ரா எடுத்தது. கேரி கிராண்ட் கதாநாயகன். ஜோசப் கெஸல்ரிங் எழுதிய நாடகம்தான் மூலம். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் கதை சொன்னேன். இரண்டு மணி நேரப் படம் எங்களுக்கு நாலு மணி நேரம் ஓடியது.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். புரூக்ளினில் ஒரு பழைய வீடு. பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். வீட்டில் ஆபி, மார்த்தா என்று இரண்டு வயதான சகோதரிகள். தெருவே கையெடுத்துக் கும்பிடுகிற நல்ல மனுஷிகள். நோயாளிக்குக் கஞ்சி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பொம்மை, போலீஸ்காரருக்கும் உபசாரம். அவர்களுடைய அண்ணன் மகன் மார்ட்டிமர், கல்யாணம் முடித்த கையோடு சேதி சொல்ல வருகிறான். வந்த இடத்தில் ஜன்னலோரப் பெட்டியைத் திறக்கிறான். உள்ளே ஒரு பிணம். அத்தைமாரிடம் பதறிக்கொண்டு சொன்னால், “ஆமாம், எங்களுக்குத் தெரியும்” என்கிறார்கள். ஆதரவில்லாத கிழவர்கள் வாடகைக்கு அறை கேட்டு வருகிறார்கள். பாவம், தனியாகக் கிடந்து ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று விஷம் கலந்த எல்டர்பெரி ஒயினைக் கொடுத்து அனுப்பி வைக்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பவர் பன்னிரண்டாவது ஆள்.

அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அத்தை எழுந்து உட்கார்ந்தாள். “நம்ம பத்தாயம்லா!” என்றாள்.

எங்கள் வீட்டு அரங்கு என்கிற உள்ளறைக்கு வெளியே, திண்ணைப் பக்க ஜன்னலுக்குக் கீழே ஒரு நெல் பத்தாயம் இருக்கிறது. அயினிப் பலகையில் செய்தது. ஆறடிக்குக் குறையாத நீளம். மேல்பலகை கை பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆகி, விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் தடவியது மாதிரி மின்னும். ஓரத்தில் ஒரு கணு விழுந்து சின்ன ஓட்டை. குழந்தையில் அதில் விரலை விட்டால் உள்ளேயிருந்து நெல்லின் சூடு தெரியும். பாய் விரித்து மாமா மத்தியானம் அதன்மேல்தான் படுப்பார். வயல் போய் வீட்டு மனை ஆன பிறகு உள்ளே நெல் இல்லை, பழைய சாமான்தான் கிடக்கிறது. நாங்கள் ஒளிந்து விளையாடும்போது உள்ளே இறங்கக் கூடாது என்று கண்டிப்பு. மூடி விழுந்தால் மூச்சு முட்டிவிடும்.

மார்ட்டிமர் தன்னுடைய குறிப்புக் காகிதங்களைத் தேடிக்கொண்டு வருவான். எதையோ நினைத்தபடி மூடியைத் தூக்குவான், உள்ளே பார்ப்பான், மூடுவான், இரண்டடி நடப்பான். அப்புறம்தான் பார்த்தது மண்டையில் ஏறும். பெட்டிக்குள் இருப்பதை கேப்ரா நமக்குக் காட்டவில்லை. கிராண்டின் முகத்தைத்தான் காட்டுகிறார். கண் விரிந்து, புருவம் ஏறி, வாய் ஏதோ சொல்லப் போய்ச் சொல்லாமல் நின்று... அத்தை அந்த இடத்தில் சிரித்தாள். பதினெட்டு நாளில் முதல் சிரிப்பு. “இன்னொரு வாட்டி போடு” என்றாள். மூன்று தடவை போட்டேன்.

பிணத்தைக் காட்டியிருந்தால் அவள் சிரித்திருக்க மாட்டாள், அது நிச்சயம். மேடையில் வேறு வழியில்லை. முன்வரிசையில் இருப்பவருக்கும் பெட்டியின் உள்ளே தெரியாது. நடிகரின் முகத்தையும் முதுகையும் வைத்துத்தான் பிணம் இருப்பதை நம்புகிறோம். திரைக்கு வரும்போது இதை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கத்தான் எந்த இயக்குநருக்கும் கை துறுதுறுக்கும். கேப்ரா மேடை கொடுத்த வரத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார். படத்தின் பெரும்பகுதி அந்த ஒரே கூடத்தில்தான் நடக்கிறது. ஒரு மாடிப்படி, ஒரு நிலவறைக் கதவு, ஒரு வாசல், ஒரு ஜன்னல், ஒரு பெட்டி. யார் எந்த வழியாக எப்போது நுழைவார்கள் என்பதுதான் கதையே. நாடகத்தைப் படமாக எடுத்தால் வெளியே போய்த் தோட்டம் துரவு எல்லாம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது சினிமா ஆகாது என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வெளியே போக வழி இல்லாமல் அந்த வீட்டுக்குள்ளேயே நம்மையும் பிடித்து வைப்பதால்தான் சிரிப்பு கூடுகிறது.

மாமா இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆரம்பப் பள்ளி வாத்தியார் அவர். கோயில் கொடைக்கு முன்னெல்லாம் ஊர்ப் பையன்களைச் சேர்த்து வருஷா வருஷம் நாடகம் போடுவார். எழுதுவது, சொல்லிக்கொடுப்பது, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். வேஷம் என்றால் எப்போதும் போலீஸ்காரர் வேஷம்தான் போடுவார். நானும் ஒரு வருஷம் சின்ன வேஷம் போட்டேன். ஒத்திகையில் எனக்கு அவர் சொல்லித் தந்த ஒரே பாடம் இது: “ஜனங்க சிரிக்கும்போது வாயைத் திறக்காதே. சிரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், அப்புறம் இறங்கும். இறங்க ஆரம்பிக்கும்போது பேசு. முந்தினா வசனம் போச்சு, பிந்தினா நாடகம் போச்சு.”

நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன், சினிமாவுக்கு முன்னால் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் கற்றதும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் என்பது மாமாவின் கட்சி. கலைவாணர் பேச்சை எடுத்தால் மாமா நிறுத்த மாட்டார். 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947-ல் விடுதலையாகி வந்த மனுஷன், சாகும் வரை பத்து வருஷம் மறுபடியும் ஊரைச் சிரிக்க வைத்தாரே, அது எப்பேர்ப்பட்ட மனசு என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இந்தப் படமும் 1944-ல்தான் வெளியானது. ஆனால் எடுத்து முடித்தது 1941 கடைசியில். நாடகம் அந்த வருஷம் ஜனவரி 10 அன்று நியூயார்க் ஃபுல்டன் தியேட்டரில் அரங்கேறியது. மேடையில் ஓட்டம் முடிகிற வரை படத்தை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தம். நாடகமோ நிற்கவில்லை. மொத்தம் 1,444 காட்சி. படப்பெட்டி மூன்று வருஷம் காத்துக் கிடந்தது. அத்தைமாராக மேடையில் நடித்த ஜோசஃபின் ஹல்லும் ஜீன் அடேரும், அவர்களின் இன்னொரு அண்ணன் மகன் டெடியாக நடித்த ஜான் அலெக்ஸாண்டரும் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து படத்தில் நடித்தார்கள். மேடையில் மார்ட்டிமரின் கொலைகார அண்ணன் ஜானதனாக நடித்த போரிஸ் கார்லாஃப் வரவில்லை. கூட்டமே அவரைப் பார்க்கத்தான் வந்தது, அவரையும் அனுப்பிவிட்டால் நாடகம் என்ன ஆவது? இதில் நஷ்டம் நமக்குத்தான். ஃபிராங்கன்ஸ்டைன் பூதமாக நடித்துப் பேர் வாங்கியவர் கார்லாஃப். ஜானதனைப் பார்க்கிறவர்கள் எல்லாம் “போரிஸ் கார்லாஃப் மாதிரி இருக்கிறாயே” என்று சொல்ல, அவனுக்குக் கோபம் தலைக்கேறும். அதை கார்லாஃபே மேடையில் நின்று வாங்கிக்கொண்டபோது எப்படி இருந்திருக்கும்! படத்தில் ரேமண்ட் மாசிக்கு அந்த முகத்தை மேக்கப்பில் போட்டிருக்கிறார்கள். அவர் மிரட்டத்தான் செய்கிறார், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு நகைச்சுவை பாதியாகிவிட்டது.

ஹல்லும் அடேரும் நடப்பதைப் பாருங்கள். இரண்டு பேருக்கும் பொடி நடை, மாடு வண்டிக்குப் பழகியது மாதிரி ஒரே தாளம். ஒருத்தி தட்டை எடுத்தால் இன்னொருத்தி துணியை எடுக்கிறாள், பேச்சே வேண்டாம். நூற்றுக்கணக்கான ராத்திரி அந்தக் கூடத்தில் அப்படி நடந்து பழகிய கால்கள் அவை. எந்த நடிகையையும் புதிதாகக் கொண்டுவந்து இதைச் செய்ய வைக்க முடியாது. “இவளுவ ரெண்டு பேரும் நெசமாவே அக்கா தங்கச்சியா?” என்று அத்தை கேட்டாள்.

ஒயினில் என்ன சேர்க்கிறார்கள் என்று மார்த்தா சொல்கிற இடம் வந்தபோது நான் கொஞ்சம் தயங்கினேன். ஆர்செனிக், ஸ்ட்ரிக்னின், கடைசியில் ஒரு சிட்டிகை சயனைடு. ஊறுகாய்க்குக் காயம் போடுகிற பக்குவத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வது போலச் சொல்கிறாள். அத்தை ஒவ்வொன்றையும் என்னவென்று கேட்டாள். ஆர்செனிக் பாஷாணம் என்றேன். ஸ்ட்ரிக்னின் எட்டிக்காயில் இருக்கிறது என்றேன். “நம்ம காஞ்சிரங்காயா? அது கசப்புல்லா, ஒயின்ல தெரியாதா?” சயனைடு நம்முடைய மரச்சீனியில் உண்டாகிற சரக்குதான் என்றதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பரவிய கிழங்கு இது. கசப்புக் கிழங்கை அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு மறுபடி அவிக்க வேண்டும் என்பது இங்கே ஒவ்வொரு பெண்ணுக்கும் அம்மை சொல்லிக்கொடுக்கிற பாடம். “தண்ணிய வடிக்காம விட்டிருக்காளுவ, அவ்வளவுதான்” என்றாள். எல்டர்பெரி எப்படி இருக்கும் என்றும் கேட்டாள். சின்னச் சின்னதாகக் கறுப்புப் பழம் என்றேன். கிறிஸ்மஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கிராம்பு மணக்க ஒரு சின்னப் பாட்டிலில் வருமே, அந்தத் திராட்சை ஒயினை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். பாவம், அந்த வீட்டுக்காரம்மா பதினாறு நாளும் எங்கள் அடுக்களையில்தான் நின்றார்.

எனக்கு இந்தப் படம் இத்தனை பிடிப்பதற்குக் காரணம், ஆபியும் மார்த்தாவும் ஒரு கணம்கூட நடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை. அவர்களுடைய அன்பு முழுக்க உண்மை. வீட்டுக்கு வந்தவரை ஒரு வாய் குடிக்காமல் அனுப்பக் கூடாது என்பது நம் ஊரில் எப்படியோ அப்படித்தான் அங்கேயும். எங்கள் அத்தையும் மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவருக்குக்கூடக் கருப்பட்டிக் காப்பி கொடுக்காமல் விட மாட்டாள். அந்த உபசாரத்துக்குள் விஷத்தை வைத்திருக்கிறார் கெஸல்ரிங். விஷத்தைத் தவிர மற்றது எதையும் மாற்றவில்லை, சிரிப்பெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. கனெக்டிகட்டில் வயோதிகர் விடுதி நடத்திய ஏமி ஆர்ச்சர் கில்லிகன் என்ற பெண்மணி, அங்கே தங்கியிருந்த ஒருவரை ஆர்செனிக் கொடுத்துக் கொன்றதாக 1917-ல் தண்டிக்கப்பட்டாள். இந்தக் கதையின் வித்து அந்த வழக்குதான் என்பார்கள். அவள் காசுக்காகச் செய்தாள். காசை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரக்கத்தை வைத்ததும் கொடூரமான ஒரு வழக்கு நகைச்சுவை நாடகமாகிவிட்டது.

செத்தவர்களுக்கு அவர்கள் செய்கிற மரியாதையையும் சொல்ல வேண்டும். கறுப்பு உடுப்பு உடுத்தி, ஜெபம் சொல்லி, பாட்டுப் பாடி அடக்கம் செய்கிறார்கள். டெடி தன்னை ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் என்று நினைத்துக்கொண்டு, ஊதுகொம்பு ஊதி மாடிப்படியில் பாய்ந்து ஏறுகிறவன். நிலவறையில் பனாமா கால்வாய் தோண்டுவதாக அவனுக்கு எண்ணம். செத்தவர்கள் மஞ்சள் காய்ச்சலில் போனவர்கள் என்று சொன்னால் உடனே குழி தயார். அப்புறம் ஜானதன் தான் கொன்ற ஆளின் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். அதை அந்த நிலவறையில் புதைக்க அத்தைமார் சம்மதிக்கவே மாட்டார்கள். நல்ல மெதடிஸ்ட் சபைக்காரர் ஒருவரை முன்பின் தெரியாத வெளிநாட்டானோடு ஒரே குழியில் போடுவதா என்று கொதிப்பார்கள். இதை விளக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே தெருவில் நாலு சபையும் நாலு கல்லறைத் தோட்டமும், எங்களுக்குத் தனிச் சுடுகாடும் இருக்கிற மாவட்டத்துக்காரி அவள். “அது நியாயம்தானே” என்றாள்.

ஜானதனுக்கும் அத்தைமாருக்கும் கணக்கு வரும். தான் பதிமூன்று பேரைக் கொன்றதாக அவன் சொல்ல, கூட்டாளி டாக்டர் ஐன்ஸ்டைன் (பீட்டர் லோர், அந்தக் கண்ணை மறக்கவே முடியாது) பன்னிரண்டுதான் என்பார். ஒருவன் நிமோனியாவில் செத்தான், அதைச் சேர்க்க முடியாது. நான் சுடாமல் இருந்திருந்தால் அவனுக்கு நிமோனியா வந்திருக்காதே என்பான் ஜானதன். இந்த இடத்தில் நான் நிறுத்தாமலே அத்தைக்கு விளங்கிவிட்டது.

மார்ட்டிமர் நாடக விமர்சகன். நாடகத்தில் வருகிறவர்களுக்கு அறிவே கிடையாது, பின்னால் வில்லன் கயிற்றோடு நிற்பது தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் பார் என்று ஐன்ஸ்டைனுக்கு நடித்தே காட்டுவான். காட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஜானதன் திரைச்சீலைக் கயிற்றோடு வந்து அவனைக் கட்டிப் போடுவான். அப்புறம் வருகிற போலீஸ்காரர் ஓஹாரா, கட்டிக் கிடக்கிறவனை அவிழ்த்துவிட மாட்டார். அவர் ஒரு நாடகம் எழுதி வைத்திருக்கிறார், விமர்சகன் இப்படி அசையாமல் இனி எப்போது கிடைப்பான்? நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையும் சொல்வார்.

நான் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். போலீஸ் உடுப்பு, கையில் நாடகம், கிடைத்தவரைப் பிடித்து உட்கார வைத்துக் கதை சொல்கிற உற்சாகம். அத்தையும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “உங்க மாமா மாதிரியே” என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அவள் இரண்டையும் துடைக்கவில்லை. தேரூர்க்காரரான கவிமணி, மருமக்கள்வழி மான்மியத்தில் கதையை ஐந்தாவது மனைவியின் புலம்பலாகத்தானே எழுதினார். படிக்கிறவர் சிரித்துக்கொண்டே அவளுக்காக வருத்தப்படுவார். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை.

கேரி கிராண்டுக்கே இந்தப் படத்தில் தன் நடிப்பு பிடிக்கவில்லை, மிகையாகச் செய்துவிட்டேன் என்றே கடைசி வரை சொன்னார். கடைசி அரை மணி நேரத்தில் கொஞ்சம் கத்தல் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தனை பேரும் நிதானமாக இருக்கிற வீட்டில் பதற ஒருவன் வேண்டும். அவன் பதறப் பதறத்தான் மற்றவர்களின் நிதானம் தெரிகிறது. அத்தை கட்சி வேறு. “பயலுக்கு வயித்து வலி வந்தது மாதிரில்லா குதிக்கான், நல்லாத்தான் இருக்கு” என்றாள். அவளுக்குப் பெரிய கவலை வாசலில் நிற்கிற டாக்சிக்காரரைப் பற்றித்தான். ராத்திரி முழுக்க மீட்டர் ஓடுகிறதே, வாடகையை யார் கொடுப்பார்கள்?

முடிவை மட்டும் சினிமாவில் மாற்றிவிட்டார்கள். படத்தில் மார்ட்டிமர் மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதோடு சரி. மேடையில், அத்தைமாரை அழைத்துப் போக வந்த மனநல விடுதி மேலாளரிடம் அவர்கள் அன்போடு ஒயின் கிண்ணத்தை நீட்டுவார்கள். அவர் வாங்குவார். திரை விழும். ஜானதனோடு சமமாக இருந்த கணக்கு பதிமூன்றாகிவிடும். இதைச் சொன்னதும் அத்தை லேப்டாப் மூடியைத் தட்டினாள். “அதைல்லா வச்சிருக்கணும்!” எனக்கும் அதே எண்ணம்தான்.

மணி ஒன்றரை. மழை விட்டிருந்தது. நான் பாயை உதறிக்கொண்டிருந்தபோது அத்தை பத்தாயத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, மேலே கிடந்த தலையணையையும் போர்வையையும் எடுத்து என்னிடம் தந்தாள். மாமா படுத்த தலையணை, அன்றைக்குப் பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. “ஒரு பக்கம் பிடி மக்களே” என்றாள். இரண்டு பேருமாக மூடியைத் தூக்கினோம்.

பழைய உமி வாசனை. அண்டா, உருளி, கிழிந்த பாய், ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் துரு ஏறிய பொத்தான்களோடு காக்கிச் சட்டை, ஒரு விசில், நூலால் தைத்த நீளக் கணக்கு நோட்டு. மாமாவின் நாடகம். கருநீல மையில் வசனம். பக்க ஓரத்தில், பல இடங்களில், சிவப்பு மையில் சின்ன எழுத்து. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“இங்கே சிரிப்பு வரும். பொறு.”